அத்தனை வருடம் படித்தவருக்கு மனப்பாடமாக இருக்காதா?

கேள்வி இது: "2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம், பிரேக் போன்றவற்றை இயக்கும் அமைப்பு) கோளாறு என்று இரண்டரை மணி நேரம் வானத்திலேயே வட்டமடித்தது. அந்த நேரத்தில் விமானிகள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்? கோளாறு வந்தால் புத்தகத்தை எடுத்துப் படிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? அத்தனை வருடம் பயிற்சி எடுத்தவருக்கு அது மனப்பாடமாக இருக்காதா?"

நான் விமானி இல்லை. பல வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன். வேலை நிமித்தமாக சிமுலேட்டரில் (தரையிலேயே ஓட்டிப் பழகும் போலி காக்பிட்டில்) பின் இருக்கையில் உட்கார்ந்து, விமானிகள் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆமாம், படிப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல, ஒவ்வொரு வரியாக, வாய்விட்டுப் படிப்பார்கள். இரண்டு பேருக்கும் கை எட்டும் இடத்தில் 'குவிக் ரெஃபரன்ஸ் ஹேண்ட்புக்' என்று ஒன்று இருக்கும், கியூஆர்எச் என்பார்கள். இப்போது பல இடங்களில் அது டேப்லெட்டுக்குள் போய்விட்டது. ஏர்பஸ் விமானங்களில் பெரும்பாலான கோளாறுகளுக்கு நடுத்திரையிலேயே பட்டியல் வந்து நிற்கும். அதற்கு ஈகாம் என்று பெயர். எது பழுது, அடுத்து எந்த சுவிட்ச் என்று வரிசையாகக் காட்டும். செய்து முடித்த வரி திரையிலிருந்து போய்விடும்.

மனப்பாடமாகச் செய்ய வேண்டியவையும் உண்டு. அவற்றை 'மெமரி ஐட்டம்' என்பார்கள். புத்தகத்தைத் தேடும் நேரத்தில் ஆளே போய்விடக்கூடிய விஷயங்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வரும். 35,000 அடியில் கேபின் அழுத்தம் சட்டென்று போனால், தெளிவாக யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அங்கே முதலில் மாஸ்க், மற்றதெல்லாம் பிறகு. அதனால் அது மனப்பாடம். இப்படி ஒரு விமான வகைக்குச் சில ஐட்டங்கள் இருக்கும், அவ்வளவுதான். மீதியை மனப்பாடம் செய்யச் சொல்லாதது வேண்டுமென்றே எடுத்த முடிவு. ஏன் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதலில் சிமுலேட்டரைக் கொஞ்சம் காட்டுகிறேன். ராத்திரி இரண்டு மணிப் பயிற்சி. ஏர்பஸ் ஏ320 ஓடுபாதையை விட்டு எழும்பி 100 அடிகூட ஆகவில்லை, பயிற்சியாளர் பின்னாலிருந்து ஒரு பொத்தானைத் தட்டுகிறார். மணி அலறுகிறது, சிவப்பு விளக்கு: இடது இன்ஜினில் தீ. பார்க்கிற எனக்குக் கை பரபரக்கிறது. அவர்கள் இருவரும் அலாரத்தை அணைத்ததோடு சரி, வேறு எதையும் தொடவில்லை. ஒருவர் மூக்கை நேராகப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறார், மற்றவர் சக்கரத்தை உள்ளே இழுக்கிறார். 400 அடி தாண்டிய பிறகுதான் "ஈகாம் ஆக்‌ஷன்ஸ்" என்று குரல் வருகிறது. தீ எரிந்துகொண்டிருக்கும்போது இப்படிக் காத்திருப்பதைப் பழக்குவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

அப்புறம் படிப்பவர், இடது இன்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லிவர்மேல் கையை வைக்கிறார். இழுக்கவில்லை. "த்ரஸ்ட் லிவர் ஒன்று, கன்ஃபர்ம்?" ஓட்டுபவர் திரும்பி அந்தக் கையைப் பார்க்கிறார். "கன்ஃபர்ம்டு." இப்போதுதான் லிவர் பின்னால் வருகிறது. அடுத்து இன்ஜின் மாஸ்டர் சுவிட்ச். மறுபடி கை, கேள்வி, பார்வை, பதில். அடுத்து மூடிக்குள் இருக்கும் தீயணைப்புப் பொத்தான். மறுபடி அதே சடங்கு. அதன் பிறகு 10 வினாடி எண்ணிவிட்டு, தீயை அணைக்கும் வாயு இருக்கும் முதல் பாட்டிலைத் திறக்கிறார்கள். 30 வினாடிக்குப் பிறகும் தீ காட்டினால் இரண்டாவது பாட்டில். வெளியிலிருந்து பார்த்தால் வங்கியில் காசோலை சரிபார்ப்பது போல இருக்கும்.

அந்தக் கை ஏன் நின்று கேட்கிறது? 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் என்ற ஊர் அருகே ஒரு போயிங் 737 விழுந்தது. பழுதானது இடது இன்ஜின். விமானிகள் நிறுத்தியது வலது இன்ஜினை. நிறுத்தியதும் புகை குறைந்தது, அதிர்வும் தணிந்தது. சரியானதைத்தான் நிறுத்தினோம் என்று நம்பிவிட்டார்கள். நடுவில் ஒருமுறை கேப்டன், நடந்ததையெல்லாம் மறுபடி வரிசையாகப் பார்ப்போம் என்று ஆரம்பித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் அழைப்பு வந்து, பேச்சு அதோடு அறுந்தது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ஆற்றுக்குள் விழுந்த ஏடிஆர் விமானத்திலும் இதே கதைதான். வலது இன்ஜின் தானாக சக்தி இழந்தது, கேப்டன் நல்ல நிலையில் இருந்த இடதை இழுத்து நிறுத்தினார். தவறான பக்கத்தை இழுத்துவிட்டேன் என்று அவரே சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. அதற்குள் தாமதமாகிவிட்டது, 43 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் அறிவு குறைவு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவசரத்தில் மூளை ஒரு கதையைக் கட்டிவிடுகிறது, கை அந்தக் கதையின்படி போகிறது.

சரி, மனப்பாடத்துக்கு வருகிறேன். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2001 ஆகஸ்ட் 24, ஏர் டிரான்சாட் 236. டொரன்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏ330, 306 பேர் உள்ளே. சில நாள் முன்பு வலது இன்ஜினை மாற்றியிருந்தார்கள். மாற்றியபோது ஹைட்ராலிக் பம்ப்பும் குழாய்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாத வகையாகப் போய்விட்டன. ஹைட்ராலிக் குழாய் எரிபொருள் குழாயில் உரசி உரசி, அட்லாண்டிக்கின் நடுவில் எரிபொருள் குழாய் விரிசல் விட்டது. (இது எங்கள் ஆட்களின் தவறு. விமானியைக் குறை சொல்லும் முன் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.)

முதலில் காக்பிட்டில் தெரிந்தது எரிபொருளே இல்லை. வலது இன்ஜினின் எண்ணெய் வெப்பம் குறைவு, எண்ணெய் அழுத்தம் அதிகம் என்று விசித்திரமான காட்டல். எரிபொருள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடியதால் எண்ணெய் குளிர்ந்திருக்கிறது. அந்தத் தொடர்பு யாருக்கும் அப்போது தோன்றாது. சென்சார் கோளாறாக இருக்கும் என்று நினைத்தார்கள். அரை மணி நேரம் போல ஆனபின் திரை சொன்னது: இடது, வலது டாங்கிகளில் எரிபொருள் சமமாக இல்லை.

எரிபொருள் சமமின்மை என்பது விமானிகளுக்குப் பழகிய, சாதாரண விஷயம். இரண்டு பக்க எரிபொருளையும் இணைக்கும் கிராஸ்ஃபீட் வால்வைத் திறந்து, நிறைய இருக்கும் பக்கத்திலிருந்து இரண்டு இன்ஜினுக்கும் ஊட்டினால் சரியாகிவிடும். எல்லோருக்கும் மனப்பாடம். அவர்களும் புத்தகத்தைத் திறக்காமல், நினைவிலிருந்தே அதைச் செய்தார்கள். அந்தப் பட்டியலில் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருந்தது: எரிபொருள் ஒழுகுவதாகச் சந்தேகம் இருந்தால் இதைச் செய்யாதே, ஒழுகலுக்கான பட்டியலுக்குப் போ. மனப்பாடத்தில் செய்முறை இருந்தது, அந்த எச்சரிக்கை இல்லை. வால்வு திறந்ததும் இடது இறக்கையின் நல்ல எரிபொருளும் வலது பக்க விரிசல் வழியாகக் கடலுக்குள் கொட்டத் தொடங்கியது.

வலது இன்ஜின் நின்றது. 13 நிமிடம் கழித்து இடதும் நின்றது. அசோர்ஸ் தீவுகளில் லாஜெஸ் விமானதளம் இன்னும் 65 கடல் மைல் தூரத்தில். அங்கிருந்து 19 நிமிடம் இன்ஜினே இல்லாமல் மிதந்து, டயர்கள் வெடிக்க, ஓடுபாதைக்குள்ளேயே நிறுத்தினார்கள். ஒரு உயிரும் போகவில்லை. கேப்டன் ராபர்ட் பீஷே நாயகன் ஆனார். அந்த மிதப்புக்கு அவர் அதற்குத் தகுதியானவர்தான். அந்த எச்சரிக்கையைப் படித்திருந்தால் அவ்வளவு மிதக்க வேண்டி வந்திருக்காது என்பதும் சேர்ந்த உண்மை.

ஆக, நன்றாகத் தெரிந்ததால்தான் ஆபத்து. தெரியாத விஷயம் என்றால் மனிதன் புத்தகத்தைத் திறப்பான். நம் வீட்டு அம்மாக்கள் ரசம் வைக்கும்போது கைப்பழக்கத்தில் இரண்டாவது தடவை உப்புப் போடுவது மாதிரி. பழகிய வேலையில் விட்டதும் தெரியாது, இரண்டு தடவை செய்ததும் தெரியாது.

இதே எரிபொருள் சமமின்மை ஒன்பது வருடம் கழித்து வேறொரு காக்பிட்டில் வந்தது. 2010 நவம்பர் 4, குவாண்டாஸ் 32, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு. ஏ380, 469 பேர். கிளம்பி நான்கைந்து நிமிடம், சுமார் 7,000 அடி, கீழே இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. இரண்டாம் இன்ஜினுக்குள் எண்ணெய்க் குழாய் ஒன்றைக் கடைந்ததில் மையம் விலகிப் போயிருந்தது. அதனால் ஒரு பக்கம் மெல்லிசாகி, அங்கே விரிசல் விட்டு, எண்ணெய் ஒழுகித் தீப்பிடித்து, டர்பைன் தட்டு துண்டாகி வெளியே பறந்தது. துண்டுகள் இறக்கையைத் துளைத்து, கம்பிகளை அறுத்து, எரிபொருள் டாங்கியையும் ஓட்டை போட்டன.

ஈகாம் திரை நிரம்பி வழிந்தது. முதலில் மட்டும் 43 செய்திகள். ஒன்றை முடித்தால் இன்னொன்று வந்து நிற்கும். தற்செயலாக அன்று காக்பிட்டில் ஐந்து விமானிகள் இருந்தார்கள்: வழக்கமான மூவர், கேப்டனைச் சோதிக்க வந்தவர், அந்தச் சோதிப்பவரைச் சோதிக்க வந்தவர். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டார், துணை விமானி பட்டியலைப் படித்தார். உடனே இறங்க ஓடாமல், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் அருகே வட்டமடித்தபடி, சுமார் 50 நிமிடம் வரி வரியாக அதைத்தான் செய்தார்கள். இந்தச் சம்பவத்தில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பொறுமையைத்தான்.

அதற்கு நடுவில் ஈகாம் கேட்டது: எரிபொருள் சமமாக இல்லை, இந்த டாங்கியிலிருந்து அந்த டாங்கிக்கு மாற்று. இந்த முறை படித்துவிட்டு, செய்யாமல் விட்டார்கள். இடது இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகுவது தெரிந்தது. குழாய்களில் எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாமல், நல்ல எரிபொருளை ஓட்டை டாங்கிக்கு அனுப்புவானேன் என்று நிறுத்திவிட்டார்கள். கணினி பட்டியலைத் தன் சென்சார்களை வைத்துப் போடுகிறது. இறக்கையில் இருக்கும் ஓட்டையை அதனால் பார்க்க முடியாது. ஒரு கட்டத்தில் கேப்டன் கணக்கையே தலைகீழாகப் போட்டார். எதெல்லாம் போயிற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எதெல்லாம் வேலை செய்கிறது, அதை வைத்து இறங்க முடியுமா என்று பார்த்தார்.

இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் பட்டியலைப் படிக்காமல் அதில் சொன்னதைச் செய்தார்கள். இரண்டாவதில் பட்டியலைப் படித்துவிட்டு அதில் சொன்னதைச் செய்யவில்லை. "செக்லிஸ்ட் வந்தால் விமானி ரோபோ ஆகிவிடுவார்" என்பவர்களுக்கு இதுதான் நான் சொல்வது. மறுப்பதற்கும் முதலில் படித்தாக வேண்டும்.

அப்புறம், இறங்கும் கணக்கு. எடை அனுமதியைவிடச் சுமார் 50 டன் அதிகம், பிரேக் முழுதாக இல்லை, இறக்கையின் முன்விளிம்பில் இறங்கும்போது விரியும் பலகைகள் வெளியே வரவில்லை. கணினியில் போட்டால் முதலில் விடையே வரவில்லை. விவரங்களைத் திருத்தி மறுபடி போட்டதும், 4,000 மீட்டர் ஓடுபாதையில் 100 மீட்டர் மிச்சம் என்றது. கிட்டத்தட்ட அப்படியே, முடிவுக்குச் சுமார் 150 மீட்டர் முன்னால் நின்றது. நின்ற பிறகும் முதலாம் இன்ஜின் அணைய மறுத்தது; கம்பிகள் அறுந்திருந்தன. அதற்குப் பட்டியலே இல்லை. தீயணைப்பு வண்டிகள் தண்ணீரையும் நுரையையும் அடித்து அடித்து, மூன்று மணி நேரம் போல ஆனபின்தான் அது நின்றது. யாருக்கும் காயமில்லை.

காகிதமே காலை வாரிய கதைகளும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. 1998 செப்டம்பர் 2, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன சுவிஸ்ஏர் 111. காக்பிட்டில் லேசான புகை நாற்றம் தெரிந்ததிலிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸ் அருகே கடலில் விழுந்தது வரை மொத்தம் சுமார் 21 நிமிடம். புகை எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு மின்சுற்றாக அணைத்துக் கண்டுபிடிக்கும் அந்த விமானத்தின் பட்டியலை முழுக்க முடிக்கவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். 229 பேரும் போனார்கள். உடனே திரும்பியிருந்தாலும் ஓடுபாதையை எட்டியிருக்க முடியாது என்றுதான் விசாரணை சொன்னது. ஆனாலும் அந்தப் பட்டியல் தவறான கேள்வியை முதலில் கேட்டது. இப்போது புகைக்கான பட்டியல்களில், அருகிலுள்ள விமான நிலையத்துக்குத் திரும்புவதை யோசி என்பது ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. மூலத்தைத் தேடுவது அதன் பின்னால்தான்.

2009 ஜனவரி 15 நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏ320 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால் ஒரு விஷயம் மட்டும். சுமார் 2,800 அடியில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போயின. தண்ணீரைத் தொட 208 வினாடி. இரண்டு இன்ஜினும் நின்றால் படிக்க வேண்டிய பட்டியலோ மூன்று பக்கம். 20,000 அடிக்கு மேலே, நேரம் நிறைய இருக்கும்போது படிப்பதற்காக எழுதியது. துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் விடாமல் படித்தார். மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது. வாலில் இருக்கும், மின்சாரம் தரும் சிறு இன்ஜினை ஓடவிடுவது அந்தப் பட்டியலில் வெகு கீழே இருந்தது. கேப்டன் சல்லன்பெர்கர் அதை எடுத்த எடுப்பிலேயே, யாரும் படிக்கும் முன், தானே போட்டுவிட்டார். அதனால் மின்சாரமும் விமானத்தின் பாதுகாப்புக் கணினிகளும் கடைசிவரை இருந்தன. 155 பேரும் பிழைத்தார்கள். தாழ்வான உயரத்துக்கென்று தனிச் சுருக்கப் பட்டியல் வேண்டும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் பரிந்துரைத்தது இதன் பிறகுதான்.

இன்னொன்று: படிப்பவர் படிக்கட்டும், ஒருவர் ஓட்டியே ஆக வேண்டும். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே ஈஸ்டர்ன் 401. முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் குட்டி பல்ப் எரியவில்லை. காக்பிட்டில் இருந்த எல்லோருடைய கவனமும் அந்த பல்ப்பின் மேல் போய்விட்டது. விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட், உயரத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டதை ஒருவரும் பார்க்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல சதுப்பு நிலத்துக்குள் இறங்கிவிட்டது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பல்ப் ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவே. அதனால்தான் இன்று பட்டியலைத் தொடும் முன் "நான் ஓட்டுகிறேன், நீ படி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். ஓட்டு, வழியைப் பார், அப்புறம் பேசு என்பதுதான் வரிசை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்கும் கேள்விக்கு "பொறுங்கள்" என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம். வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

இனி திருச்சி. அந்த விமானத்துக்குள் அவர்கள் எந்த வரியை எப்போது படித்தார்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் போயிங் 737-இல் ஹைட்ராலிக் பழுது என்றால் வேலை எப்படிப் போகும் என்று சொல்லலாம். எந்த சிஸ்டம் போனது என்று பார்த்து, அதற்கான பக்கத்தைத் திறந்து, மேலே எழுதியிருக்கும் அறிகுறி நமக்கு வந்ததோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபார்ப்பார்கள். தவறான பக்கத்தைச் சரியாகப் படித்துப் பயனில்லை. பம்ப் சுவிட்சுகளை அணைப்பது போன்ற உடனடி வேலைகள் சில நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி எல்லாம் இறங்கும் நேரத்துக்கு என்று ஒத்திவைக்கப்பட்ட வரிகள்: சக்கரத்தைக் கையால் விடுவிக்க வேண்டுமா, விட்டபின் மறுபடி மேலே இழுக்க முடியாமல் போகுமா, இறக்கை மடிப்புகள் எவ்வளவு வரும், பிரேக் எவ்வளவு பிடிக்கும், அதற்கு எத்தனை மீட்டர் ஓடுபாதை வேண்டும்.

அந்தக் கணக்கில் பெரிய எண் எடைதான். இந்த வகை விமானம் எழும்பும்போது 79 டன் வரை இருக்கலாம். இறங்கும்போது 66 டன் அளவுதான் இருக்க வேண்டும். ஷார்ஜா வரை போக நிரப்பிய எரிபொருள் முழுக்க டாங்கியில் இருக்கிறது. பெரிய விமானங்கள் சிலவற்றில் வானத்திலேயே எரிபொருளைக் கொட்டிவிடலாம். 737-இல் அந்த வசதி கிடையாது. தீயோ புகையோ இருந்தால் அதிக எடையோடேயே இறங்கிவிடுவார்கள், அதற்கும் பட்டியல் இருக்கிறது. அவசரம் இல்லை, பிரேக் மேல் முழு நம்பிக்கையும் இல்லை என்றால், எடையைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மணிக்கு இரண்டரை, மூன்று டன்தான் எரியும். 5:40-க்குக் கிளம்பிய விமானம் 8:15 வாக்கில் சக்கரங்களை இறக்கி வழக்கம்போல் ஓடுபாதையில் இறங்கியது, 141 பயணிகளோடு. டிவியில் பார்த்தவர்களுக்குப் பதைபதைப்பாக இருந்த அந்த இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி, எரிபொருள் எரிந்து எடை குறையக் காத்திருந்த நேரம்தான்.